பாரிஸ் ரொட்டிக்கடைகள்: பலகையைப் படியுங்கள், ரொட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பாரிஸில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு ரொட்டிக்கடை இருக்கும். எல்லாக் கடையிலும் அதே கண்ணாடிப் பெட்டி, குரோசான் எனும் அதே பொன்னிற வெண்ணெய் அடுக்கு ரொட்டி, சுவரோரக் கூடையில் நிமிர்ந்து நிற்கும் நீள ரொட்டிகள். ஊருக்குப் புதியவர் எதற்குள் நுழைவது? முதல் தடயம் வாசல் பலகையிலேயே இருக்கிறது. ‘பூலாஞ்ஜெரி’, அதாவது ரொட்டி சுடும் கடை, என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். 1998 மே மாதம் வந்த பிரெஞ்சுச் சட்டப்படி, மாவு பிசைவது, புளிக்க வைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாமே விற்கும் இடத்தில் நடந்தால்தான் ஒரு கடை அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியும். எந்தக் கட்டத்திலும் மாவையோ ரொட்டியையோ உறைய வைத்திருக்கக் கூடாது.

வேறிடத்திலிருந்து வந்த ரொட்டியை விற்பவை ‘தெப்போ து பான்’. உறைந்த மாவை வரவழைத்து அடுப்பில் ஏற்றி இறக்குவதோடு நிற்கும் கடைகளும் ஏராளம். பெரிய ரயில் நிலையங்களில் இவைதான் அதிகம். வாசனை மட்டும் எல்லாக் கடையிலும் ஒன்றுபோலத்தான் வரும். மூக்கை நம்பி உள்ளே போகாதீர்கள்.

உள்ளே போனதும் இரண்டு வகை நீள ரொட்டி தெரியும். ஒன்று சாதாரண பகெத். இன்னொன்று ‘பகெத் தெ திராதிஸியோன்’. எல்லோரும் சுருக்கமாக ‘திராதிஸியோன்’ என்றே கேட்பார்கள். விலையில் இருபது முப்பது சென்ட்தான் வித்தியாசம்.  பயணத்தில் இதைவிடப் பிரயோசனமாக முப்பது சென்ட் செலவழிக்க முடியாது. 1993 செப்டம்பர் 13-ஆம் தேதியிட்ட அரசாணை திராதிஸியோன் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த தாய்மாவு, அவ்வளவுதான். எந்தச் சேர்மானமும் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. மிகச் சிறிதளவு மொச்சை மாவு, சோயா மாவு, முளைகட்டிய கோதுமை மாவு மட்டும் சேர்க்க அனுமதி உண்டு. சாதாரண பகெத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘பழைய முறை’, ‘நாட்டுப்புறம்’ என்று பொருள்படும் பெயர்களைச் சில ரொட்டிகளில் ஒட்டியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் திராதிஸியோன் என்ற சொல்லுக்குள்ள சட்டப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது.

சேர்மானம் இல்லாத மாவுக்கு ருசி எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. ஒரு கிலோ மாவுக்கு 650 முதல் 700 கிராம் தண்ணீர், 18 கிராம் உப்பு, கொஞ்சூண்டு ஈஸ்ட். அதிகம் அடித்துப் பிசையாமல், குளிர்பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி 15 மணி நேரத்துக்கு மேல் மெல்லப் புளிக்க விடுவார்கள். தோசை மாவை முந்தின நாளே அரைத்து வைக்கிற வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவசரமாகப் பொங்க வைத்த மாவு பொங்கும், மணக்காது. பிறகு 250 டிகிரி அடுப்பில், முதல் நிமிடங்களில் நீராவி விட்டு, இருபது நிமிடத்தை ஒட்டிச் சுடுவது. அந்த நீராவிதான் மேல்தோலின் மாவுச்சத்தைக் கூழாக்கிப் பளபளப்பைத் தருகிறது. நீராவி போதாமல் சுட்ட ரொட்டி மங்கலாக, சாம்பல் பூசினாற்போல இருக்கும், கீறலும் விரியாது.

கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் ஒதுக்கி அதைப் பாருங்கள். மேலே ப்ளேடால் சாய்வாகக் கீறிய கோடுகள் இருக்கும். நன்றாகச் சுட்டதில் ஒவ்வொரு கீறலின் ஒரு விளிம்பும் காதுமடல்போலத் தூக்கிக்கொண்டு, கருகும் அளவுக்குச் சிவந்திருக்கும். முனைகள் கூராக நிற்கும். அடியைத் திருப்புங்கள். கல்தளத்தில் நேரடியாகச் சுட்டதென்றால் அடிப்பகுதி சமமாக, லேசாக மாவு படிந்து இருக்கும். வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் பதிந்திருந்தால் துளைத்தட்டில் சுட்டது என்று பொருள். உறைந்த மாவுக் கடைகளின் ரொட்டியில் இந்தப் புள்ளிகளை அடிக்கடி பார்க்கலாம். தட்டைப் பயன்படுத்தும் நேர்மையான கைவினைஞர்களும் இருக்கிறார்கள் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். இரண்டு விரலால் மெல்ல அழுத்திக் காதருகே பிடியுங்கள், நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்ததென்றால் அழுத்தவே வேண்டாம், தோல் ஆறிச் சுருங்கும்போது தானாகவே சடசடக்கும். ரொட்டி பாடுகிறது என்று பிரெஞ்சு ரொட்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

கத்தி வேண்டாம், கையால் பிய்த்துவிடுங்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, பஞ்சுபோல ஒரே அளவுத் துளைகளோடு இருந்தால் இயந்திரத்தில் வேகமாக, நெடுநேரம் அடித்துப் பிசைந்த மாவு. அப்படிப் பிசையும்போது மாவில் காற்று அதிகம் கலந்து, கோதுமையின் இயல்பான மஞ்சள் நிறமி வெளுத்துவிடுகிறது. கூடவே மணமும் போகிறது. நல்ல திராதிஸியோனின் உள்பக்கம் பாலாடை நிறத்தில், சிறிதும் பெரிதுமாகத் தாறுமாறான துளைகளோடு, விரலுக்குக் கொஞ்சம் ஈரமாகத் தெரியும். வெண்ணெய் தடவாமல் முதல் துண்டைச் சும்மா மெல்லுங்கள். தோலில் வறுத்த கடலையின் மணம், நடுவில் மெல்லிய புளிப்பு, கடைசியில் கோதுமையின் இனிப்பு. முனைத்துண்டைக் கடைக்கு வெளியிலேயே கடித்துக்கொண்டு நடப்பது அந்த ஊரில் வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

இந்த ரொட்டிக்காக 1994 முதல் பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறது. போட்டிக்கு வரும் ரொட்டி 50 முதல் 55 செ.மீ. நீளமும் 250 முதல் 270 கிராம் எடையும் இருக்க வேண்டும், தவறினால் ருசி பார்க்கும் மேசைக்கே போகாது. வென்றவருக்கு 4,000 யூரோவும், ஓராண்டுக்கு எலிசே மாளிகைக்கு, அதாவது பிரெஞ்சு அதிபர் இல்லத்துக்கு, ரொட்டி கொடுக்கும் பொறுப்பும் கிடைக்கும். 2023-இல் அந்தப் பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழர் தர்ஷன் செல்வராஜா. கடை 20-ஆம் வட்டாரத்தில், பிரெனே தெரு 44-ஆம் எண்ணில் உள்ள ‘ஓ லெவான் தே பிரெனே’. மெட்ரோ 9-ஆம் தடத்தில் மராஷே நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சுற்றுலாக்காரர்கள் சுற்றும் பகுதி அல்ல இது, குடியிருப்புகள் நிறைந்த சாதாரணத் தெரு. பாரிஸில் ஈழத்தமிழர் பலர் சமையற்கட்டுகளிலும் ரொட்டிக்கடைகளிலும் விடிகாலைக்கு முன்பே வேலைக்கு நிற்பவர்கள். ரொட்டியைப் பாண் என்று சொல்லி வளர்ந்த ஒருவர் அந்நகரத்தின் பாணுக்கே முதலிடம் வாங்கினார் என்பது சின்ன விஷயமல்ல. அங்கே போனால் திராதிஸியோனைத்தான் வாங்க வேண்டும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று நடக்கும்போதே தீர்ந்துவிடும்.

அடுத்த ஆண்டு, 2024-இல், பரிசு 11-ஆம் வட்டாரத்தின் ‘உத்தோபி’ கடைக்குப் போனது. ஜான்-பியேர் தெம்போ தெரு, 20-ஆம் எண். ரொட்டியோடு, கறுப்பு எள் நிரப்பிய ‘எக்லேர்’ என்ற நீள இனிப்புக்கும் அந்தக் கடை பெயர் பெற்றது. எள்ளுருண்டை தின்று பழகிய நாக்குக்கு அந்த எக்லேர் உடனே பிடித்துப்போகும். வாரக்கடைசியில் வரிசை நீளும், வார நாளின் காலையே நல்லது.

இனி குரோசான். பலகையில் உள்ள ‘பூலாஞ்ஜெரி’ என்ற சொல் ரொட்டிக்கு மட்டுமே உத்தரவாதம், குரோசானுக்கு அல்ல என்பது பலருக்குத் தெரியாது. கடையில் ரொட்டி அங்கேயே பிசைந்ததாக இருக்கும். குரோசானும், சாக்லெட் வைத்த ‘பான் ஓ ஷொக்கொலா’வும் உறைந்த பெட்டியில் வந்து அடுப்பில் ஏறியவையாக இருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. காரணமும் புரியக்கூடியதுதான், கையால் குரோசான் செய்வது அவ்வளவு வேலை. ஈஸ்ட் சேர்த்த மாவை விரித்து, நடுவில் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து மூன்றாக மடித்துக் குளிர வைக்க வேண்டும். இப்படி மூன்று முறை. 3, 9, 27 என்று வெண்ணெய் அடுக்குகள் பெருகும். வெண்ணெய் சாதாரணமானதாக இருந்தால் தேய்க்கும்போது உருகி மாவோடு கலந்துவிடும்; அதனால் ஈரம் குறைந்த, 84 சதவீதம் கொழுப்புள்ள அடுக்கு வெண்ணெய் என்று தனியாக வாங்குவார்கள். பிறகு 26, 27 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உப்ப விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெண்ணெய் கசிந்து தட்டில் தேங்கும், அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், சுட்ட பின் கிடைப்பது வெண்ணெய் பன்.

வாங்கிய குரோசானைக் குறுக்கே பாதியாகப் பிய்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். நல்லதில் உள்ளே தேன்கூடுபோலப் பெரிய அறைகள், அறைச் சுவர்கள் கண்ணாடித்தாள்போல மெல்லியவை. இழுத்தால் சுருள் பிரிந்து நூலாய் வரும். நடுவில் பச்சை மாவுப் பட்டை தெரிந்தால் மாவு உப்புகிற நேரமோ சுடும் நேரமோ போதவில்லை. அடியில் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் மேலே சொன்ன சூட்டுத் தவறு. தின்ற பின் மேலண்ணத்தில் மெழுகு படிந்தாற்போல இருந்தால் அது மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய். பட்டியலில் ‘ஓ பேர்’ அல்லது ‘பியூர் பேர்’ என்று இருந்தால் கொழுப்பு முழுவதும் வெண்ணெய் என்று பொருள். நேரான வடிவம் வெண்ணெய்க்கு, வளைந்த பிறை வடிவம் மார்கரினுக்கு என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. இப்போது எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருபது குரோசானும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் சுருட்டியதில் ஒன்று கொஞ்சம் கோணும், ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். ‘இதை நீங்களே செய்கிறீர்களா?’ என்று கேட்பதில் தவறே இல்லை. செய்கிறவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.

குரோசானுக்கும் அதன் உறவுகளுக்கும் என்று ஒரு கடையைத் தேடிப் போக வேண்டுமென்றால், 10-ஆம் வட்டாரத்தில் இவ் துதிக் தெரு 34-இல் உள்ள ‘து பான் எ தே ஸிதே’. லா ஷப்பல், கார் து நோர் பக்கம் தமிழ்க் கடைத்தெருவில் தங்குபவர்களுக்கு இது நடக்கிற தூரம்தான். மெட்ரோ என்றால் 5-ஆம் தடத்தில் ழாக் பொன்செர்ழான். 2002 முதல் கிறிஸ்தோஃப் வாஸர் நடத்தும் இக்கடையில் பெயர்பெற்றது ‘எஸ்கார்கோ’, நத்தைபோலச் சுருட்டிய அடுக்கு ரொட்டி. பிஸ்தாவும் சாக்லெட்டும் வைத்ததை வாங்குங்கள். பிஸ்தாப் பசை ஈரம் காக்க, ஓரச் சுற்றுகள் அப்பளம்போல நொறுங்கும். ஆனால் இங்கே பெரும்பாலோர் தவறவிடுவது ‘பான் தே ஸாமி’ என்ற ரொட்டியை. கெட்டியான, கருத்த தோலும் லேசான புகை மணமும் கொண்ட பெரிய பாளம். வேண்டிய அளவு வெட்டி எடை போட்டுத் தருவார்கள். கால் கிலோ போதும், இரண்டு நாள் தாங்கும். ஒரே எச்சரிக்கை: சனி ஞாயிறு கடை கிடையாது. வாரக்கடைசிப் பயணமாகப் பாரிஸ் வருபவர்கள் வெள்ளிக்கிழமையே போய்விட வேண்டும்.

பகெத் ஒரு நாள் பூ. நாள் தாங்கும் ரொட்டி வேண்டுமென்றால் ஷெர்ஷ்-மிதி தெரு 8-இல் உள்ள ‘புவாலான்’ கடைக்குப் போங்கள். 1932 முதல் அங்கே செய்யும் ‘மிஷ்’ கிட்டத்தட்ட 1.9 கிலோ எடையுள்ள வட்ட ரொட்டி: கல்லில் அரைத்த மாவு, கெராந்து கடலுப்பு, புளித்த தாய்மாவு, விறகு அடுப்பு. முழுசாக வாங்க வேண்டியதில்லை, கால் பாகம் கேளுங்கள், துண்டு போட்டும் தருவார்கள். முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில் புளிப்பு நிதானப்பட்டு ருசி கூடுகிறது. பகெத்துக்கு நேர் எதிரான குணம் இது. தாய்மாவின் அமிலம் பூஞ்சையைத் தடுக்கிறது, கெட்டித்தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ‘பான் ஓ லெவான்’ என்று விற்கிற ரொட்டிக்கு pH எண் (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.3-க்கு மேல் போகக் கூடாது என்றே அந்த 1993 ஆணை சொல்கிறது. ரயிலில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இதைவிட ஏற்ற உணவு இல்லை; ஒரு துண்டு சீஸும் தக்காளியும் இருந்தால் ஒரு வேளை முடிந்தது.

மொந்தொர்கெய் தெருவின் ‘ஸ்தோரேர்’ 1730-இல் தொடங்கியது. கேக்கும் இனிப்பும்தான் அங்கே, ரொட்டிக்காகப் போகும் கடை அல்ல. ரம்மில் ஊறிய ‘பாபா’ கேக் அதன் அடையாளம், ஊறலில் மது கணிசமாக உண்டு. மது வேண்டாதவர்கள் அங்கே அலங்கார ஓவியங்களைப் பார்த்துவிட்டு வேறு இனிப்பு வாங்கலாம்.

எப்போது போவது என்பதும் எங்கே போவது என்பதைப் போலவே முக்கியம். குரோசான் வகைகள் காலையில் ஒரு தடவை சுடப்படுபவை. ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வாங்க வேண்டும். மதியத்துக்கு மேல் வாங்கினால் அடுக்கு ஈரத்தை இழுத்துத் தளர்ந்திருக்கும். பகெத்தை நாள் முழுதும் பல ஈடாகச் சுடுவார்கள். மதிய உணவுக்கு முன்னும், வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் மாலை ஐந்து முதல் ஏழு வரையும் சூடாகக் கிடைக்கும். பெரும்பாலான கடைகளுக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுமுறை. ஆகஸ்டில் பல கடைகள் வாரக்கணக்கில் மூடிவிடும், கதவில் தேதி ஒட்டியிருக்கும்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் முதலில் ‘போன்ஜூர்’. இதைச் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பதை அங்கே மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வரும் முகச்சுளிப்புக்குப் பாதி காரணம் இதுதான். பிறகு ‘உய்ன் திராதிஸியோன், சில் வு ப்லே’, அதாவது ‘ஒரு திராதிஸியோன், தயவுசெய்து’. நன்றாகச் சிவந்ததாக வேண்டுமென்றால் ‘பியன் குயித்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேளுங்கள் என்றே சொல்வேன், வெளுத்த ரொட்டியை விரும்பும் வாடிக்கையாளர்களுக்காகப் பல கடைகள் சீக்கிரம் எடுத்துவிடுகின்றன, அதில் தோலின் மணம் பாதிதான். ஒருவருக்கு முழு ரொட்டி அதிகம் என்றால் பாதி வெட்டித் தருவார்கள், ‘உய்ன் தெமி’ என்று கேட்டால் போதும். குறைந்த தொகைக்குக் கார்டு வாங்காத கடைகள் உண்டு, சில்லறை வைத்திருங்கள். சில கடைகளில் பணத்தை ஆளிடம் நீட்டக் கூடாது, பக்கத்தில் உள்ள இயந்திரத்தில் நாணயத்தைப் போட்டால் மீதியும் அதிலேயே விழும். உட்கார்ந்து சாப்பிட்டால் விலை கொஞ்சம் கூடலாம்.

சைவ உணவுக்காரர்களுக்குத் தனியாகச் சில வரிகள். திராதிஸியோனில் பால், முட்டை, கொழுப்பு எதுவும் இல்லை, நம்பி வாங்கலாம். குரோசானில் பாலும் வெண்ணெயும் உண்டு, மேலே பளபளப்புக்கு முட்டை பூசுவார்கள். பிரியோஷ் என்ற மென்மையான ரொட்டி முழுக்க முட்டை. பாதாம் குரோசான் மீந்துபோன குரோசானைச் சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் பசை வைத்து மறுபடி சுடுவது. அந்தப் பாகில் ரம் கலப்பது சகஜம். போர்தோ நகரத்துச் சிறு கேக்கான கனெலேயிலும் ரம் உண்டு. அடுக்கடுக்காகக் கண்ணாடிபோல மின்னும் நுரைபோன்ற மூஸ் கேக்குகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். உப்பு வகைகளில் கீஷ் லொரேனில் பன்றி இறைச்சி உண்டு. ‘குருதிதே’ என்றால் காய்கறி என்று நினைத்து சாண்ட்விச் வாங்குபவர்கள் ஏமாறுவார்கள், அந்தச் சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் கோழியோ சூரைமீனோ இருக்கும். சீஸ் வைத்தது இருக்கிறதே என்றால், பிரெஞ்சுப் பாரம்பரியச் சீஸ்களில் பலவும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைய வைத்தவை.

மிச்சமான ரொட்டியை என்ன செய்வது? பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ஈரம் தோலுக்கு ஏறி ஒரு மணி நேரத்தில் தோல்வார்போல இழுக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து சாதாரண அறையைவிட வேகமாக இறுகுகிறது. காகித உறையோடோ துணியில் சுற்றியோ வெளியில் வைப்பதே சரி. மறுநாள் தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால், குழாயடியில் பகெத்தின் தோலை மட்டும் ஒரு கணம் நனைத்து, 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். நீர் ஆவியாகி உள்ளே இறுகிய மாவுச்சத்தை இளக்கும், தோல் மறுபடி நொறுங்கும். உடனே தின்றுவிட வேண்டும், இரண்டாவது முறை இது பலிக்காது. குரோசானுக்குத் தண்ணீர் வேண்டாம், 160 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்; சூட்டில் இளகிய வெண்ணெய் இறுகினால்தான் அடுக்குகள் மறுபடி விறைக்கும். மைக்ரோவேவில் இரண்டுமே ரப்பராகும்.